செயலியின் எண்ணும் எல்லையும்

தோற்றுவாய்

எழுத்தையே பயின்றுவரும் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர்க்கு எண்ணைப்பற்றி எழுதும் உரிமை யாதுளது என அன்பர் சிலர் வினவக்கூடும். அதிலும் கணினியின் உள்ளிருக்கும் செயலிகளின் எண்ணைப்பற்றி எழுதப் புகுதல் மிகையெனவும் தோன்றக்கூடும். ஆயினும், சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் எம் ஊரில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று, ஒரு சொல்லின் பொருளை ஐயமறத் தெளியாமையால் எளிய மக்களின் பணம் வீணாக இருந்ததனை எமக்குக் காட்டிற்று. சொற்பொருள் தெளிதல் எம் துறைக்குரிய தொழிலேயாதலின் இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தோம். கணினித் துறையைச் சார்ந்த ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் இதன்கண் குறை காணின் பொறுத்தருளுவாராக.

எம் ஊர், கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்புக்கு அணித்தாயுள்ள வளையமாதேவி. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் எம் வயல்களுக்கு அண்மையன. 1956-ஆம் ஆண்டில் நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் ஏற்பட்ட காலந்தொட்டுச் சுற்றுவட்டத்து ஊர்களின் வாழ்வு அந்நிலக்கரியொடு பிணைந்துள்ளது. 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சுரங்க விரிவின்பொருட்டு வாய்க்கால் தோண்டியபொழுது வயலில் நின்ற நெற்பயிர் அழிந்த செய்தியால் எம் ஊர்ப்பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. நிலம் குறையக் குறைய, ஏர்த்தொழிலேயன்றி வேறொரு தொழிலும் பிள்ளைகள் கற்றல் வேண்டும் என்னும் கவலை பெற்றோர் உள்ளத்தில் வேரூன்றிற்று. அக்கவலையிற் பிறந்ததே எம் ஊர் இளைஞர் ஓட்டுக்கூரை அறையொன்றில் நடத்திவரும் கணினிப் படிப்பகம்.

நிகழ்ச்சி

நெய்வேலி நகரியத்தில் வாழும் அன்பரொருவர், அலுவலகப் பணியினின்றும் விலக்கப்பட்ட பழைய சர்வர் ஒன்றனை அப்படிப்பகத்துக்கு அளித்தார். அதனுள் இரண்டு செயலிகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் கோர் எனப்படும் உட்செயலிகள் பத்து, ஆக இருபது. விலையின்றிக் கிடைக்கும் மெய்நிகராக்க மென்பொருள் ஒன்றை அதில் நிறுவி, அந்த ஒரே சர்வருக்குள் நான்கு மெய்நிகர்க் கணினிகளை இளைஞர் அமைத்தனர். ஒவ்வொன்றுக்கும் நான்கு செயலிகள் என வகுத்தனர். நான்கு நான்காகப் பதினாறு போக, எஞ்சிய நான்கு சர்வரின் சொந்தப் பணிக்கு என்பது அவர்தம் கணக்கு. பழுதுற்ற பழைய கணினிகள் நான்கனை வலைக்கம்பியால் இணைத்து, அவற்றின் திரைவழியே பிள்ளைகள் பயிலலாயினர்.

ஆனால், மெய்நிகர்க் கணினியினுள் புகுந்து நோக்கியபொழுது, அங்கே நிறுவிய இயங்குதளம் தனக்குரிய செயலிகள் இரண்டே எனக் காட்டிற்று. நான்கு கொடுத்திருக்க இரண்டே தோன்றுவது யாது காரணம்? சர்வர் பழுதுடையது என்றார் ஒருவர். விலையின்றிக் கிடைத்த மென்பொருளின் குறை என்றார் மற்றொருவர். அயலூர் வணிகர் ஒருவரை வினவியபொழுது, உயர்ந்த வகை இயங்குதளத்தை விலை கொடுத்து வாங்கினாலன்றி இக்குறை நீங்காது என்று அவர் கூறினார். அதன்பொருட்டு வீட்டுக்கு ஐந்நூறு ரூபாயாகத் தண்டவும் தொடங்கினர். நடவுக்கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த தாய்மாரும் அவருள் உண்டு.

இந்நிலையில் வெளியூரிற் பணிபுரியும் அண்ணன் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். யாவற்றையும் பொறுமையாகக் கேட்டபின், அவர் கேட்டது ஒரே வினா: “தம்பி, நான்கு நான்கு என்கிறீர்களே, எது நான்கு?”

அவ்வினாவுக்கு விடையிறுப்பார் அங்கு ஒருவரும் இலர். அதன் விடையே இக்கட்டுரையின் பொருள்.

மெய்நிகராக்கம் யாது?

முதற்கண் மெய்நிகராக்கம் என்பதனைச் சிறிது விளக்குவாம். ஏரிப்பாசன ஊர்களில் முறைத்தண்ணீர் என்பதொரு வழக்கம் உண்டு. வாய்க்கால் ஒன்றே, வயல்கள் பல. இன்னார்க்கு இத்துணை நாழிகை என முறை வைத்து மடை திறப்பர். தன் முறை வந்த நேரத்தில் வாய்க்கால் முழுதும் ஒருவனுக்கே உரியதுபோல் அவன் வயலிற் பாயும். அவன் முறை முடிந்தவுடன் அடுத்தவன் மடை திறக்கப்படும். சர்வரின் உள்ளே நிகழ்வதும் இதுவே. செயலியாகிய வாய்க்காலைப் பல மெய்நிகர்க் கணினிகளுக்கு முறைவைத்துத் திறந்துவிடும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்பர். அதனை நாம் நீர்மணியகாரர் எனக் கருதலாம். அவர் முறைவைப்பது நொடியின் மிகச் சிறு கூறுகளிலாதலின், உள்ளிருக்கும் ஒவ்வொரு கணினியும் தான் தனித்து இயங்குவதாகவே எண்ணிக்கொள்கின்றது.

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. 1960-களில் அமெரிக்க நாட்டுக் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வகத்தார் பெருங்கணினி ஒன்றனைப் பல கணினிகளாகப் பகுத்தனர். அவ்வழி வந்த வி.எம்./370 என்னும் அமைப்பு 1972-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1974-இல் போபெக், கோல்டுபர்க் என்னும் அறிஞர் இருவர் மெய்நிகர்க் கணினிக்கு இருத்தற்குரிய இலக்கணத்தை வகுத்தனர். மெய்க்கணினியை ஒத்து இயங்குதல், வளங்கள் யாவும் மேலாளும் மென்பொருளின் ஆட்சியில் அடங்குதல், வேகம் பெரிதும் குன்றாமை ஆகிய மூன்றும் அவ்விலக்கணத்தின் கூறுகளாம். 1998-இல் தோன்றிய வி.எம்.வேர் நிறுவனம், மறு ஆண்டிலேயே எளிய மேசைக் கணினிக்கும் இக்கலையைக் கொணர்ந்தது. இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான சென் 2003-இலும், லினக்ஸின் உறுப்பாகிய கே.வி.எம். 2007-இலும் வெளிவந்து, விலையின்றி யாவரும் பயன்கொள்ளும் வழியைத் திறந்தன.

நம் நாட்டிலும் இது பெருக வழங்குகின்றது. இந்திய அரசு ‘மேகராஜ்’ என்னும் பெயரால் நடத்தும் மேகக் கணிமையின் அடிப்படை இதுவே. மேகம் என்பது வானத்திலுள்ளதன்று. ஏதோ ஓர் ஊரிற் குளிரூட்டிய அறையிலிருந்து மின்சாரத்தை உண்ணும் சர்வர்களின் தொகுதியே அது. அம்மின்சாரம் நெய்வேலி போன்ற ஊர்களின் கரியிலிருந்தும் பிறப்பதாகலின், எம் ஊரார் இக்கலைக்கு முற்றும் அயலாரல்லர்.

எண்ணின் மயக்கம்

இனி, அண்ணனார் வினாவுக்கு வருவாம். நன்னூல் பயின்றார் சினையாகுபெயரை அறிவர். ‘தலைக்கு ஒரு பழம் கொடு’ என்றவிடத்துத் தலையென்னும் சினைப்பெயர் அதனையுடைய ஆளைக் குறிக்கின்றது. அங்கு மயக்கம் இல்லை; ஆளொன்றுக்குத் தலையும் ஒன்றேயாகலின். ஓராளுக்குப் பத்துத் தலை இருப்பின், பழக்கூடையுடையான் பாடு யாதாகும்?

செயலி என்னும் சொல்லுக்கு நேர்ந்ததும் அதுவே. தொடக்கத்தில், பலகையிலுள்ள சாக்கெட் என்னும் பொருத்துவாய் ஒன்றிற் செருகுவது ஒரு சில்லு. அச்சில்லினுள் வினைசெய்வதும் ஒன்றே. ஆகவே வாயை எண்ணினும், சில்லை எண்ணினும், வினைசெய்வதனை எண்ணினும் தொகை ஒன்றாகவே இருந்தது. 2005-ஆம் ஆண்டளவில் ஒரு சில்லினுள் இரண்டு உட்செயலிகள் வரலாயின. 2019-இல் ஏ.எம்.டி. நிறுவனத்தார் வெளியிட்ட சர்வர்ச் செயலியொன்றில் அறுபத்துநான்கு உட்செயலிகள் இருந்தன. ஓர் உட்செயலியே இரண்டு பணித்தொடர்களை ஏற்று நடத்தும் அமைப்பும் உண்டு. பொருத்துவாய், உட்செயலி, பணித்தொடர் என மூன்றாய்ப் பிரிந்தபின்னும், வழக்கில் இம்மூன்றனையும் ‘செயலி’ என்றே அழைத்துவருகின்றோம். பொருள் மூன்றாக, பெயர் ஒன்றாயின் கணக்கிற் பிழை புகாமல் யாது செய்யும்?

எம் படிப்பகத்தில் நிகழ்ந்த பிழை இதுவே. நான்கு செயலிகள் வேண்டும் எனக் கேட்டபொழுது, மெய்நிகராக்க மென்பொருள் அதனை நான்கு பொருத்துவாய்கள், வாய் ஒன்றுக்கு ஓர் உட்செயலி எனப் பொருள்கொண்டு அமைத்தது. வீட்டுக்கும் சிற்றலுவலகத்துக்குமென விற்கப்படும் இயங்குதளங்கள் சிலவற்றில், ஒன்று அல்லது இரண்டு பொருத்துவாய்களுக்கு மேற்பட்டவற்றைக் கணக்கிற் கொள்ளாத ஏற்பாடு உண்டு. ஒரு வாயினுள் எத்துணை உட்செயலிகள் இருப்பினும் அவை பெரும்பாலும் தடையின்றி ஏற்கப்படும். இரண்டு வாயில்களே உடைய வீட்டுக்கு நான்கு விருந்தினரை நான்கு வாயில் வழியாக அனுப்ப முயன்றது போன்றது எம் இளைஞர் செயல். நால்வரையும் ஒரு வாயிலின் வழியாகவே அனுப்பியிருக்கலாம் என்பது ஒருவர்க்கும் தோன்றவில்லை.

அண்ணனார், மெய்நிகர்க் கணினியின் அமைப்பேட்டைத் திறந்து, ‘பொருத்துவாய் நான்கு, உட்செயலி ஒன்று’ என்றிருந்ததனைப் ‘பொருத்துவாய் ஒன்று, உட்செயலி நான்கு’ என மாற்றினார். கணினியை நிறுத்தி மீளத் தொடங்கியபொழுது நான்கும் தோன்றின. செலவு ஒரு காசும் இல்லை. விதியை மீறியதும் இல்லை. இயங்குதளத்தாரே இசைந்த வரம்புக்குள் நின்று, எண்ணும் முறையைத் திருத்தியதே செய்கை.

மூவகை எல்லை

இந்நிகழ்ச்சிக்குப்பின் யாம் ஆராய்ந்தவிடத்து, செயலியின் எண்ணுக்கு வரும் எல்லைகள் மூவகைப்படும் எனக் கண்டோம். அவற்றை அமைப்பெல்லை, பயனெல்லை, வணிகவெல்லை எனப் பெயரிட்டு முறையே கூறுவாம்.

அமைப்பெல்லையாவது, பொறியின் கட்டுமானத்தாலும் மென்பொருளின் வளர்ச்சிநிலையாலும் வருவது. ஓர் ஊரிற் கதவிலக்கப் பலகையில் மூன்று கட்டங்களே உள்ளன எனக் கொள்வாம். சுழி முதலாக 999 வரை ஆயிரம் வீடுகளுக்கு இலக்கம் தரலாம். அதற்கு மேலொரு வீடு கட்டினால், இடம் இருப்பினும் இலக்கம் இராது. அஞ்சற்காரர் அவ்வீட்டை அறியார். அதுபோலவே, இன்டெல் வழிச் செயலிகளின் பழைய அமைப்பில் ஒவ்வொரு செயலிக்கும் இரும எண்ணில் எட்டுக் கட்டங்களாலாகிய அடையாள இலக்கமே இருந்தது. எட்டுக் கட்டங்களால் எழுதத்தகுவன 256. அவற்றுள் ஒன்று யாவரையும் ஒருங்கே விளிப்பதற்கு ஒதுக்கப்பட்டமையின், எஞ்சியவை 255. அதற்குமேற் செல்ல, முப்பத்திரண்டு கட்ட இலக்கமுடைய புதிய அமைப்பு வேண்டியதாயிற்று. இவ்வெல்லை வணிகர் வகுத்ததன்று. பணம் கொடுத்துக் கடக்கத் தக்கதுமன்று. பலகையையே மாற்றுதல் வேண்டும்.

மென்பொருளின் வளர்ச்சியால் இவ்வகை எல்லை விரிந்தமைக்கு வி.எம்.வேர் நிறுவனத்தின் வரலாறு சான்றாகும். ஒரு மெய்நிகர்க் கணினிக்குத் தரத்தகும் செயலிகள், 2006-இல் வந்த மூன்றாம் பதிப்பில் நான்கே. 2009-இல் எட்டு, 2011-இல் முப்பத்திரண்டு, 2015-இல் 128, 2020-இல் 768 என அத்தொகை உயர்ந்தது. மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வி என்பதில் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் அறுபத்துநான்காயிருந்தது 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில் 240 ஆயிற்று.

பயனெல்லையாவது, தரலாம் எனினும் தருதல் தகாது என்னும் எல்லை. இதனையும் எம் இளைஞர் பட்டே அறிந்தனர். நான்கு தோன்றிய மகிழ்ச்சியில், நான்கு நன்றாயின் பத்து அதனினும் நன்றன்றோ என எண்ணி, நான்கு கணினிகளுக்கும் பத்துப் பத்தாக வகுத்தனர். மென்பொருள் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் யாவரும் ஒருங்கே பயின்ற மாலையில் திரைகள் முன்னினும் மெல்ல நகர்ந்தன. இருபது உட்செயலிகளின்மேல் நாற்பது வந்து நின்றமையே காரணம்.

இதன் உண்மையை உழவர் எளிதில் உணர்வர். ஓர் ஏர் வேண்டுவோன், ஓர் ஏர் ஓய்ந்தவுடன் உழத் தொடங்குவான். நான்கு ஏரும் ஒருங்கே வந்தாலன்றித் தொடங்கேன் என்பவன், நான்கும் ஒரே வேளையில் ஓயும்வரை வரப்பிற் காத்திருப்பான். வி.எம்.வேரின் தொடக்ககாலப் பதிப்புகளில், ஒரு மெய்நிகர்க் கணினியின் செயலிகள் யாவும் ஏறக்குறைய ஒருங்கே ஓடுதல் வேண்டும் என்னும் கடிய விதி இருந்தது. 2006-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்விதி தளர்த்தப்பட்டது. விதி தளர்ந்தும் இடர் முற்றும் ஒழிந்திலது. மெய்நிகர்ச் செயலி ஒன்று பொதுப்பொருள் ஒன்றனைப் பூட்டித் திறவுகோலைக் கையில் வைத்திருக்கும் வேளையில் அதன் முறை முடிந்துவிடின், அத்திறவுகோலுக்காக ஏனைய செயலிகள் வெறுமனே சுழன்று காத்து நிற்கும். சுழல்வதும் வேலையாகவே கணக்கிற் சேரும். பயனோ சிறிதும் இல்லை. பத்தினின்றும் மீள நான்காகக் குறைத்தபின், படிப்பகத்துத் திரைகள் பண்டுபோல் விரைந்தன. வேண்டுமளவே கேட்பவன் விரைவிற் பெறுகின்றான் என்பது இங்கே அறவுரையன்று, பொறியின் இயல்பு.

வணிகவெல்லையாவது, விற்பவர் விலையின்பொருட்டு வகுப்பது. இவ்வெல்லையில் எண் மட்டுமன்று, எண்ணப்படும் அலகும் விற்பவர் கையில் உள்ளது. நெடுங்காலம் சர்வர் மென்பொருள்கள் பொருத்துவாயளவில் விற்கப்பட்டன. ஒரு வாயினுள் உட்செயலிகள் பெருகப் பெருக, வாங்குவோர்க்கு ஆதாயமும் விற்போர்க்கு இழப்பும் நேர்ந்தன. ஆகவே மைக்ரோசாப்டு நிறுவனம் தன் 2016-ஆம் ஆண்டுச் சர்வர்ப் பதிப்பை உட்செயலி அளவில் விற்கலாயிற்று; செயலியொன்றுக்கு எட்டும், சர்வரொன்றுக்குப் பதினாறும் குறைந்த அளவாகக் கொள்ளவேண்டும் என்றும் விதித்தது. வி.எம்.வேர் 2020-ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து, ஓர் உரிமம் ஒரு செயலியின் முப்பத்திரண்டு உட்செயலிகள் வரைக்குமே செல்லும் என்றது. அறுபத்துநான்கு உடைய செயலிக்கு முன்னாள் ஓர் உரிமம் போதியதாயிருக்க, அதன்பின் இரண்டு வேண்டியதாயிற்று. பொறி மாறவில்லை, வேலை மாறவில்லை, ஒரு சொல்லின் பொருள்வரையறை மாறிற்று, விலை இரட்டித்தது. 2023-ஆம் ஆண்டு நவம்பரில் அந்நிறுவனத்தைப் பிராட்காம் வாங்கியது. மறுதிங்களே நிலையான உரிம விற்பனை நிறுத்தப்பட்டுச் சந்தா முறை வந்தது. அதனில் உட்செயலியே அலகு. செயலியொன்றுக்குக் குறைந்தது பதினாறு என்பது கணக்கு. எட்டே உடைய பழைய செயலியை வைத்திருப்போரும் பதினாறுக்குப் பணம் தருதல் வேண்டும்.

விற்பவர் தம் உழைப்புக்கு விலை கேட்பதனை யாம் பழிக்கவில்லை. மென்பொருளாக்கமும் உழைப்பே, உழைப்புக்குக் கூலி உண்டு. ஆனால் அளவுகோல் ஒருவர் கையிலேயே இருக்கும்பொழுது, அளக்கப்படுவோர் அக்கோலை அறிந்திருத்தல் கடன். நிலத்தைக் குழியென்றும் மாவென்றும் வேலியென்றும் அளந்த எம் முன்னோர், எந்தக் கோலால் அளந்தது என்று முதலிற் கேட்டறிந்த பின்பே எத்துணைக் குழி என்று கேட்டனர். கோலின் நீளம் ஊர்தோறும் வேறுபட்டதாகலின் அவ்வினா இன்றியமையாததாயிற்று. நிலத்தோடு வாழ்ந்தார் அறிந்திருந்த அவ்வினாவைக் கணினியோடு வாழப்புகும் அவர்தம் பிள்ளைகள் மறத்தலாகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், செயலிகளின் தொகைக்கு எல்லையொன்று எதிர்ப்படுமாயின் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும் என்பது பெறப்படும். எண்ணப்படுவது பொருத்துவாயோ, உட்செயலியோ, பணித்தொடரோ? அவ்வெல்லை பொறியின் அமைப்பால் வந்ததோ, பயன் கருதி யாமே வைத்துக்கொள்ளத் தக்கதோ, விலை கருதிப் பிறர் வைத்ததோ? எமக்கு மெய்யாக வேண்டுவது எத்துணை? அமைப்பெல்லைக்குப் பொறியை மாற்றுதல் வேண்டும். பயனெல்லைக்கு ஆசையைச் சுருக்குதல் வேண்டும். வணிகவெல்லைக்கு உரிமப்பத்திரத்தைக் கண்ணூன்றிப் படித்தல் வேண்டும். விலையின்றிக் கிடைக்கும் மாற்றுவழி உண்டாவென ஆராய்தலும் வேண்டும். நோய் இன்னதென அறியாமல் மருந்து வாங்குவது செல்வர்க்கு வீண்செலவு, எளியோர்க்குப் பெருங்கேடு.

எம் கல்லூரித் தோழருள் பலர் நாளை அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணியேற்பர். இத்தகைய பத்திரங்களிற் கையொப்பமிடும் பொறுப்பும் அவருட் சிலர்க்கு வரும். கணினித் துறையல்லாதார்க்கு இது வேண்டாப்பொருள் என ஒதுக்குதல் கூடாது. சொல்லைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அவ்வறையில் இருப்பின், எண்ணில் மறைந்திருக்கும் மயக்கம் வெளிப்படும்.

வளையமாதேவியில் தண்டிய பணத்தை என்செய்வது என்று பொங்கலுக்கு முன்னாள் மாலை ஊரார் கூடி ஆராய்ந்தனர். திருப்பித்தருவோம் என்றனர் இளைஞர். கொடுத்த தாய்மாரோ, பிள்ளைகளுக்கென்று கொடுத்ததனைத் திரும்ப வாங்கோம் என மறுத்தனர். ஈற்றில் மின்தடை வேளையில் உதவும் யு.பி.எஸ். கருவியொன்றும் அதற்குரிய பாட்டரிகளும் வாங்கப்பட்டன. நெய்வேலிக்கு அணித்தாயிருந்தும் மின்தடை எமக்கு உண்டு என்பது படிப்போர்க்கு வியப்பாகலாம். எமக்கு அது பழகிய செய்தி. இப்பொழுது விளக்கணைந்தாலும் நான்கு திரைகளும் அணைவதில்லை. யாம் கல்லூரிக்குத் திரும்பும் நாளில் சிறுவனொருவன் ஓடிவந்து, “அண்ணே, ஒரு திரைக்கு நான்கு செயலி; எது நான்கு தெரியுமா?” என்று எம்மையே சோதித்தான். தெரியும் என்று சொல்லும் தகுதி அவனிடம் கேட்டறிந்த பின்பே எமக்கு வந்தது.